குத்தூசி படாத கிளை

பாப்பாரப்பட்டி சந்தைத் தெருவில் தானிய மண்டி வைத்திருந்த சென்னப்பனுக்கு இரண்டு கை போதாதென்று மூன்றாவதாக ஒரு குத்தூசி இருந்தது. அரை முழ இரும்பு. நுனி கூர், உடம்பில் வாய்க்கால் மாதிரி ஒரு குடைவு. மூட்டையில் செருகி உருவினால் நடு வயிற்றில் கிடக்கிற தானியம் குடைவில் ஏறி வெளியே வந்துவிடும். மேலே மணிமணியாகக் கேழ்வரகைப் பரப்பி அடியில் பதரையும் மண்ணையும் அமுக்கி வைக்கிற கெட்டிக்காரர்கள் இல்லாத சந்தை உண்டா? அவர்களெல்லாம் சென்னப்பன் கடை வாசலில் கால் வைத்ததும் யோக்கியர்களாகிவிடுவார்கள்.

குத்தூசியை இடுப்பிலேயே செருகிப் பழகியதில் அவன் புத்தியும் அதே வடிவத்துக்கு வந்துவிட்டது. மூடியிருக்கிற எதையும் நம்ப மாட்டான். சாமிக்கு உடைக்கிற தேங்காயைக்கூடக் குலுக்கி, மோந்து, கண்ணைக் கீறிப் பார்த்துத்தான் தட்டில் வைப்பான். "அழுகியிருந்தா அது சாமி பாடுங்க, உங்களுக்கென்ன?" என்பார் பூசாரி. "சாமி ஏமாந்தா ஊரு சிரிக்குமுங்களே" என்பான் இவன்.

அந்த ஊசி ஒரே ஓர் இடத்தில்தான் நிற்கும். துண்டுக்கடியில் இரண்டு பேரும் கையைக் கொடுத்து விரலைப் பிடித்து விலை முடித்தபின், மூட்டையின் வாயைத் தைத்து, காவியில் மண்டிக் குறி போட்டுவிட்டால், சரக்கு கைமாறுகிறவரை வாங்கியவன் அதில் ஊசி வைக்கக் கூடாது. அந்தத் தெருவின் சட்டம் அது. எங்கேயும் எழுதி வைக்காததால் ஓட்டை கண்டுபிடிக்க ஆளில்லாமல் நிலைத்துவிட்டது. ஒருமுறை கொள்ளு மூட்டைகளைத் தைத்து அடுக்கிய பிறகு எடைபோடுகிற மாதையன் காதோரம் வந்து சொன்னான்:

"மொதலாளி, வண்டு வாசன அடிக்குதுங்க. ஒரு குத்து குத்திப் பாத்துரலாமுங்களா?"

"வாய தைச்சாச்சாடா?"

"தைச்சாச்சுங்க."

"அப்ப மூக்கப் பொத்திக்க."

இப்படிப்பட்டவனுக்குக் குன்னூரிலிருந்து பெண் வந்தது. பெண்ணின் அப்பா அர்ச்சுனன் பென்னாகரத்துப் பக்கத்து ஆள்தான். வயிற்றுப்பாட்டுக்கு மலையேறிப் போனவர், ஒரு துரை பங்களாத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்து, போகப் போகத் தோட்ட மேஸ்திரி ஆனார். மகளை மட்டும் சொந்த மண்ணில் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்து சென்னப்பனுக்குக் கட்டிவைத்தார். நஞ்சம்மாள் புகுந்த வீட்டுக்கு வந்தபோது பாத்திரம் பண்டத்தோடு, பழைய பிஸ்கட் டின்னில் ஒரு செடியும் வந்து இறங்கியது.

முழங்கால் உயரம். தோல் மாதிரித் தடித்த இலை. மேலே கரும்பச்சை, திருப்பிப் பார்த்தால் பூனைக் காது போலப் பழுப்புச் சுணை. பங்களாத் துரைசானி அதை ரோடோடெண்ட்ரான் என்பாளாம். அர்ச்சுனனுக்கு அது காட்டுப் பூவரசு. மாதையன் ஒரே ஒரு முறை அந்த இங்கிலீசுப் பெயரைச் சொல்லிப் பார்த்தான். வெற்றிலைச் சாறு சட்டையில் வழிந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு ஊருக்கே அது குன்னூர்ச் செடி ஆகிவிட்டது.

"பூக்குமா?" என்றான் சென்னப்பன்.

"களத்துல மொளகா வத்தலக் கொட்டி வெச்ச மாதிரி பூக்குமுங்க."

"எப்போ?"

நஞ்சம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பத்தாங்க வண்டிய வுட்டு எறங்கியிருக்குது" என்றாள்.

கிணற்றடிக்கு அப்பால், வெயில் எட்டாத வடக்குச் சுவரோரம் குழி தோண்டினாள். பாப்பாரப்பட்டி மண் அதற்கு ஆகாது, காட்டு இலை மக்கிய மண் வேண்டும் என்றாள். வத்தல்மலையிலிருந்து சாமை கொண்டுவந்து போடுகிற காளியன் அடுத்த சந்தைக்கு ஒரு மூட்டை மக்குமண் கட்டிக்கொண்டு வந்தான். பழக்க தோஷம், சென்னப்பன் அதிலும் ஊசியைச் செருகினான்.

"மண்ணுல மண்ணு கலந்திருக்குதான்னு பாக்கறீங்களா, சாவுகாரே?" என்று கேட்டான் காளியன்.

கிணற்றுத் தண்ணீர் உப்பு. இந்தச் செடிக்குப் புளிப்புத்தான் பிடிக்கும் என்று நஞ்சம்மாள் புளி கரைத்த சக்கையை மறுபடி அலசி அந்தத் தண்ணீரை ஊற்றினாள். செடிக்கு ரசம் வைக்கிறவள் என்று தெருவில் பெயர் கிடைத்தது. கோடை வந்தால் ஈரச் சாக்கைச் சுற்றிலும் தொங்கவிட்டாள். செடி சாகவில்லை. பூக்கவும் இல்லை. கடன்காரன் வீட்டுக்கு விருந்து வந்தவன் மாதிரி, உட்கார்ந்ததும் உட்காராததுமாக இருந்தது.

சந்தையில் நாக்குக்கு வேலை வேண்டுமே. "மலைக் குளிர்ல வளந்த பொண்ணு, நம்மூரு சித்திரைய தாங்குமா?" என்று முதல் வருஷமே யாரோ கேட்டுவைத்தார்கள். கேட்டவர் அப்போதே மறந்திருப்பார். சென்னப்பன் மறக்கவில்லை. வெயில் ஏறத் தொடங்கினதும், சாப்பிடும்போதோ, வெற்றிலை மடிக்கும்போதோ, "உனக்கு இங்க ஒத்துக்குதா?" என்பான். முதல் வருஷம் அவள் வெட்கப்பட்டுத் தலையாட்டினாள். அடுத்த வருஷம், "ஒத்துக்குதுங்க" என்றாள். அதற்கடுத்த வருஷம், "நேத்தும் இதத்தான கேட்டீங்க? ராத்திரில மாறிருச்சான்னு பாக்கறீங்களா?" என்றாள். பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. அதைக் கேட்கிற வேலையை ஊரே பார்த்துக்கொண்டதால் அவன் இந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டான்.

யுத்தம் வந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வந்துகொண்டிருந்த சின்ன ரயிலைத் தண்டவாளத்தோடு பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்த வருஷக் கோடையும் யுத்தத்துக்குச் சேர்ந்த மாதிரி அடித்தது. குன்னூர்ச் செடியின் இலை ஓரமெல்லாம் கருகி, உச்சி காய ஆரம்பித்தது. மழைக்காலம் வந்தும் தேறவில்லை.

"இன்னொரு கோட இது தாங்காதுங்க" என்றாள் நஞ்சம்மாள். "கீழ மூணு கெள நல்லாருக்குது. பதியம் போட்டு வெச்சாத்தான் உண்டு."

ஐப்பசி ஈரத்தில் பதியம் போட உட்கார்ந்த நாளில்தான் குன்னூரிலிருந்து ஆள் வந்தது. அர்ச்சுனன் படுக்கையில் விழுந்துவிட்டார். மறுநாள் காலை பஸ். நஞ்சம்மாள் அழுதுகொண்டே பதியம் போட்டாள். தாழ்ந்த கிளையை வளைத்து, அடிப்பக்கம் கத்தியால் சாய்வாகக் கீறி, கீறல் மூடிக்கொள்ளாமல் இருக்கச் சிறு கல்லைச் செருகி, மக்குமண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்தாள். நுனி மட்டும் வெளியே தலை நீட்டியது. இப்படி மூன்று.

பக்கத்தில் நின்ற சென்னப்பன் கத்தியைப் பார்த்ததும் குனிந்தான். "கீறிப்புட்டியே, செத்துராதா?"

"பாதிதாங்க கீறியிருக்குது. தாயிகிட்ட பாதி, மண்ணுகிட்ட பாதி. தாயி குடுக்கறது பத்தாமப் போனாத்தான் அது சொந்தமா வேரு வுடும்."

"எத்தன நாள்ல வுடும்?"

"அதுக்குத் தோணும்போது வுடும். நீங்க தண்ணி மட்டும் ஊத்துங்க. கல்ல எடுக்காதீங்க, மண்ணத் தொடாதீங்க. புது வேரு நூலு மாதிரி இருக்கும். காத்துப் பட்டாலே ஒடியும்." எழுந்து கையைக் கழுவியவள், அவன் இடுப்பைப் பார்த்துவிட்டு, "அதையும் சேத்துத்தான் சொல்றேன்" என்றாள்.

சென்னப்பன் சிரித்தான். செடியில் போய் எவனாவது குத்தூசி வைப்பானா?

கார்த்திகை வரைக்கும் வைக்கவில்லை. அப்பாவுக்கு இன்னும் எழுந்து உட்கார முடியவில்லை, வர நாளாகும் என்று ஒரு கார்டு வந்தது. கார்டைப் படித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போனான். கல் அப்படியே இருந்தது. மண் அப்படியே இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது? நடக்கிறதா, இல்லை, நடப்பது போல மேலே ஒரு பச்சையைக் காட்டிக்கொண்டு அடியில் பதராய்க் கிடக்கிறதா? மேலே இருப்பதைப் பார்த்து ஏமாந்த ஒருத்தனும் இந்தத் தெருவில் கடை வைத்துப் பிழைத்ததில்லை.

ஒரே ஒரு குத்து. கல்லை நகர்த்தாமல், ஓரமாக.

ஊசியை உருவினான். குடைவு நிறையக் கறுப்பு மண். உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துப் பார்த்தான், மோந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. ஒரு குத்தில் சரக்கு தெரியாவிட்டால் எதிர்ப்பக்கம் இன்னொன்று போடுவதுதான் முறை. போட்டான். உள்ளே ஏதோ 'முறுக்'கென்றது. அடுத்த வாரம் அந்த நுனி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. தண்ணீர் பற்றவில்லை என்று மாதையனைத் திட்டினான்.

தை பிறந்ததும் இன்னொரு கார்டு. பொங்கலுக்கும் வர முடியவில்லை. அங்கே குளிர் நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அவள் சும்மா எழுதியதுதான். சென்னப்பன் அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தான். அன்று சாயங்காலம் இரண்டாவது கல்லின் பக்கம் அவன் கை தானாகப் போயிற்று.

இந்தத் தடவை பக்குவமாக, சாய்வாகச் செருகினான். உருவிப் பார்த்தால் மண்ணோடு மண்ணாக வெள்ளையாய் ஒரு துணுக்கு! கட்டை விரலால் நசுக்கினான். பால் மாதிரி ஈரம். வேரேதான். மண்டிக்கு ஓடிப்போய், "டேய் மாதையா, வேரு வுட்டுருச்சுடா!" என்று கூவினான்.

மாதையன் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "எப்பிடிங்க தெரியும்?"

"பாத்தேன்."

"எங்க இருக்குதுங்க அது இப்போ?"

சென்னப்பன் தன் கட்டை விரலைப் பார்த்தான்.

இரண்டாவது நுனியும் வாடத் தொடங்கிய பிறகு அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. நட்டம் வந்தால் அதை ஈடுகட்டுகிற வழிகள் அவனுக்குத் தெரியும். இது எந்த வழியிலும் அடங்காத நட்டமாக இருந்தது. அப்படியும் மாசி மாதத்து ஒரு பகலில், மூன்றாவது கல்லின் முன்னால் ஊசியும் கையுமாகக் குந்திக்கொண்டிருந்தான். இது நன்றாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் தொடவே மாட்டேன் என்று தனக்குத் தானே சத்தியம் வேறு செய்தான். அந்த நேரத்தில் வாசலில் தபால்காரர் குரல் கொடுத்தார். எழுந்து போனான். அர்ச்சுனன் காலமாகிவிட்டார். காரியம் முடிந்தது. நஞ்சம்மாள் வருகிறாள்.

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம், சேலத்திலிருந்து கரியில் ஓடுகிற பஸ். தொப்பூர் மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டதால் எல்லாரும் இறங்கித் தள்ளினார்களாம். நஞ்சம்மாள் முகமெல்லாம் கரியோடு வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். குளித்து, ஒரு வாய் சாப்பிட்டபின் பேச்சு வந்தது.

"பங்களா தோட்டம் மொத்தத்தையும் கொத்திட்டாங்க. பட்டாளத்துக்கு உருளக்கெழங்கு போடறாங்களாம். அப்பா கையால வெச்ச பூவரசு அத்தனையும் வேரோட புடுங்கி, கொள்ளிக்கு வித்துட்டாங்க. அவரு படுக்கையில கெடந்துக்கிட்டே அந்த வெட்டுச் சத்தத்தக் கேட்டாரு." தட்டைத் தள்ளி வைத்தாள். "அவரு தோட்டத்துல மிச்சம்னு பாத்தா, நம்ம வூட்டுல இருக்கறதுதாங்க."

சென்னப்பன் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான். ஏதாவது சொல்ல வேண்டும். எலி என்று சொல்லலாம். கோழி கிளறியது என்று சொல்லலாம். விற்கத் தெரிந்தவனுக்கு ஒரு கோழி கிடைக்காதா? அவன் வாயைத் திறக்குமுன் அவள் புழக்கடைக்குப் போய்விட்டாள்.

தாய்ச்செடி பாதி காய்ந்து நின்றது. இரண்டு நுனிகள் கருகிக் கிடந்தன. அந்த இரண்டு கல்லையும் சுற்றி, பசேலென்று, மெல்லிய புல் போல ஏதோ முளைத்திருந்தது. மூன்றாவது கல்லைச் சுற்றி எதுவும் இல்லை. நஞ்சம்மாள் குந்தி ஒரு முளையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தாள். பின்னாலேயே வந்து நின்ற சென்னப்பன் களை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, இது கேவுரு பயிராட்டம் இருக்குதே?"

அவன் கை இடுப்பு ஊசியின்மேல் போயிற்று.

"செடிக்குப் பக்கத்துல கேவுரு வெதச்சீங்களா?"

குத்தூசிக் குடைவில் எப்போதும் நாலு மணி தானியம் ஒட்டிக்கொண்டிருக்கும். மூட்டையிலிருந்து மூட்டைக்குப் போகிற ஊசியை யார் கழுவுகிறார்கள்? குத்தின இடமெல்லாம் அது தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்திருந்தது. நல்ல ரகம், முளைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நஞ்சம்மாள் முதலில் சிரித்தாள். கேழ்வரகு நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். சிரித்து முடித்த இடத்தில் அழுகை நின்றுகொண்டிருந்தது. அதையும் அழுது முடித்தாள். அவன் கிணற்றுச் சுவரைப் பிடித்தபடி நின்றான்.

"எப்பெப்போ குத்துனீங்க?"

"கார்டு வந்தப்போ."

"எந்தக் கார்டு?"

"வர நாளாகும்னு போட்டியே... ரெண்டு தடவையும்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மலைக்காரி சித்திரையைத் தாங்க மாட்டாள் என்று எவனோ சொன்ன வார்த்தை, இத்தனை வருஷமாக அந்த ஆளுக்குள் எப்படிக் கிடந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது கல்லைக் காட்டினாள்.

"இத?"

"தொடல. தொடத்தான் போனேன். தபாலு வந்துருச்சு." பிறகு, விற்கிற குரலே இல்லாமல் சொன்னான்: "என்னால முடியாது நஞ்சு. கையி நிக்காது. ஊசியப் புடுங்கிப் பொட்டில வெச்சுப் பூட்டிக்க."

"வெரல எதுல வெச்சுப் பூட்டறது?"

அது நியாயமான கேள்வி. மண்டியில் மாதையன் எடை கூவுகிற சத்தம் கேட்டது. நஞ்சம்மாள் எழுந்தாள்.

"தோள்ல இருக்கற துண்ட எடுங்க."

"எதுக்கு?"

"வெல பேசத்தான். இந்தக் கெள என் சரக்கு. நீங்க வாங்கறீங்க. இஷ்டமிருந்தா கைய நீட்டுங்க."

அவன் விளையாட்டு என்று நினைத்தான். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. துண்டை விரித்துக் கையை நீட்டினான். துண்டுக்கடியில் அவள் கை வந்தது. நாலு மாதப் பணிவிடையில் காய்ப்பேறிச் சொரசொரப்பாக இருந்தது. அவன் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

ஒன்று.

ஒன்று என்றால் எது ஒன்று? ஒரு பத்தா, ஒரு நூறா? விரலைப் பிடிக்குமுன் அதை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது முதல் நாள் கடைக்கு வருகிறவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம். அதைக் கேட்காமல் விலை முடித்தவனைச் சந்தை தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரிக்கும்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது" என்றான் சென்னப்பன். சொல்லிவிட்டுத்தான், தான் எதையும் கேட்கவில்லை என்பது அவனுக்கே தெரிந்தது.

அவள் மண்டிக்குள் போய்ச் சாக்குத் துண்டும் கோணி ஊசியும் சணலும் காவிக் கிண்ணமும் கொண்டுவந்தாள். பின்னாலேயே மாதையன் எட்டிப் பார்த்தான். கல்லுக்கும் மண்ணுக்கும் மேலே சாக்கைப் போர்த்தி, நாலு பக்கமும் குச்சி அடித்து, நுனி வெளியே வருகிற இடத்தை விட்டு, ஓரமெல்லாம் தைத்தாள். நடுவில் காவியால் மண்டிக் குறி போட்டாள். கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

"மொதலாளி," என்றான் மாதையன் மெல்ல. "தைச்சாச்சுங்களே."

"தெரியுது, போடா."

பங்குனியில் வெயில் ஏறியது. சித்திரையில் கிணறு இறங்கியது. சாக்குத் துண்டின் வழியே மட்டும் தண்ணீர் விட்டார்கள். தாய்ச்செடிக்கும் விட்டார்கள், அது வாங்கிக்கொள்ளவில்லை. தினமும் கடை திறக்குமுன் சென்னப்பன் சுவரோரம் போய் நிற்பான். கைகள் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பான். பார்க்கிறவர்களுக்கு அந்த வெயிலிலும் குளிர் எடுத்தவன் மாதிரி இருக்கும். சாமை கொண்டுவந்த காளியன்கூட, "என்ன சாவுகாரே, காச்சலா?" என்று கேட்டான்.

"யேவாரம்" என்றான்.

தாய்ச்செடி முதலில் இலையைக் கொட்டியது. பிறகு பட்டை சுருங்கியது. ஒருநாள் ஒரு சுள்ளியை ஒடித்துப் பார்த்தான். அடுப்புக்கு ஆகிற மாதிரி 'படக்'கென்று ஒடிந்தது. சாக்குக்கு இந்தப் பக்கம் பதியக் கிளை தாயோடு சேர்ந்த இடமும் காய்ந்து பழுப்பாகிவிட்டது. கை அக்குளிலிருந்து வெளியே வந்துவிட்டது. சாக்கின் ஓரத்தில் விரல் பட்டது. காவிக் குறி, வெயிலில் கொஞ்சம் மங்கி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டு வைத்த கொள்ளு மூட்டையையே வாயைத் திறக்காமல் வாங்கினவன் இல்லையா? கையை எடுத்தான்.

எடுத்த பிறகுதான் அந்தப் பக்கம் பார்த்தான். சாக்குக்கு அப்பால் தலை நீட்டிக்கொண்டிருந்த நுனி பச்சையாக இருந்தது. தொட்டுப் பார்க்க வேண்டிய பச்சை இல்லை. தூரத்திலிருந்தே தெரிகிற பச்சை. இலைக் கக்கத்தில் விரல் நகம் அளவு புதுத் துளிர் வேறு. கொடுக்கிறவள் செத்துக் காய்ந்து நிற்கிறாள். அப்படியானால் இது யார் கொடுத்துச் சாப்பிடுகிறது?

"நஞ்சு!" என்று கத்தினான். அவள் அடுப்பை விட்டு ஓடிவந்தாள். அவன் காய்ந்ததையும் பச்சையையும் மாறி மாறிக் காட்டினான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதும் அவள் சாக்கைப் பிரிக்கவில்லை. ஆடி மாதம் இரண்டு நல்ல மழை விழுந்து மண் குளிர்ந்த பிறகு ஒரு காலையில் அரிவாளால் தையலை அறுத்தாள். கல்லை எடுத்து, மண்ணை விரலால் ஒதுக்கினாள். கீறின இடத்தில் கொத்தாக, பழுப்பு நூல்கண்டு போல, வேர். காய்ந்த தாய்க் கிளையை அறுத்து, செடியை மண்ணோடு தூக்கி, அதே பழைய பிஸ்கட் டின்னில் வைத்து அவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க சரக்கு. இப்ப வெலயக் குடுங்க."

"எவ்வளவு?"

"வெரலப் புடிச்சப்பவே கேட்டிருக்கணும்."

"கேக்காமத்தான் வுட்டுட்டேனே. ஒண்ணுன்ன. எது ஒண்ணு?"

"ஒரு கேள்விங்க" என்றாள் நஞ்சம்மாள். "கோடைக்குக் கோட கேப்பீங்களே, இங்க ஒத்துக்குதா, ஒத்துக்குதான்னு. அந்த ஒண்ணு. அது இனிமே எனக்குச் சொந்தம். நீங்க எடுக்கக் கூடாது."

சென்னப்பன் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேரம் பேச வாய் வந்தது. "கட்டுபடியாகற வெலதான்" என்றான் கடைசியில்.

டின்னை எங்கே வைப்பது என்று அன்று முழுக்க யோசித்தான். வடக்குச் சுவரோரம் குழி தயாராகத்தான் இருந்தது. அடுத்த சித்திரையும் தயாராகத்தான் இருக்கும். செடி இப்போது அவன் சரக்கு. தன் சரக்கை எங்கே வைத்தால் கெடாது என்று தெரியாதவன் மண்டி வைக்கக் கூடாது. சந்தை நாளில் காளியனைக் கூப்பிட்டான்.

"உங்க வத்தல்மலைல வூட்டுப் பக்கத்துல எடம் இருக்குதா?"

"எடத்துக்கென்னங்க, மலையே கெடக்குது."

"இத வெச்சுக்க. குளுருல வளர்ற சாதி. ஆடு வாய் வெக்காமப் பாத்துக்க. அப்பறம், காளியா, இதத் தோண்டிக்கீண்டிப் பாக்கக் கூடாது."

"செடியத் தோண்டிப் பாக்கறதுக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது எனக்கு?" என்றான் காளியன்.

கதவோரம் நின்ற நஞ்சம்மாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாதையன் தராசுக்குப் பின்னால் குனிந்தான். அவன் அங்கே எதையும் தேடவில்லை.

காளியன் டின்னைக் கழுதை முதுகில் காலிச் சாக்குகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக் கட்டினான். தெருமுனை திரும்புகிறவரை அந்தக் கரும்பச்சை ஆடிக்கொண்டே போனது. நஞ்சம்மாள் அது போவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் உலை வைத்தாள்.

அடுத்த சித்திரை, மாடு மூச்சு வாங்குகிற வெயில். சாப்பிட உட்கார்ந்த சென்னப்பன் அவள் நெற்றி வேர்வையைப் பார்த்தான். வழக்கமான வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. மோரை ஊற்றச் சொல்லிக் குடித்தான்.

அந்த வாரம் காளியன் சாமையோடு வந்து இறங்கினான். மூட்டையை இறக்கி, தலைத்துணியை அவிழ்த்து முகம் துடைத்தான். மலைமேல் வெயில் இப்படி இல்லை என்றான். ராத்திரியில் கம்பளி வேண்டியிருக்கிறது என்றான். செடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சென்னப்பன் முன்னால் சாய்ந்தான்.

"ஏம்ப்பா காளியா, அங்க..."

உள்கதவுப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. நஞ்சம்மாள் வந்து நின்றிருந்தாள். செடிக்கு அங்கே ஒத்துக்குதா என்று அவளுக்கும் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் நின்றாள், வாயைத் திறக்காமல், காவிக் குறி போட்ட மூட்டை மாதிரி.

"அங்க என்னங்க, சாவுகாரே?" என்றான் காளியன்.

சென்னப்பன் இடுப்பிலிருந்து குத்தூசியை உருவி, குடைவை ஊதித் துடைத்தான்.

"அங்க சாமை விளைச்சல் எப்பிடின்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, முதல் மூட்டையின் பக்கம் நகர்ந்தான்.